தனக்கென ஒரு வாசல்

ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையிலுள்ள தொழிற்பேட்டை ஊர்களில் வீடு மந்திரிப்பது, மற்றப் பங்குகளில் வீடு மந்திரிப்பதைப் போன்றதன்று. கிராமத்துப் பங்கில் குடும்பத்தார் வாசல் தெளித்துக் கோலமிட்டு, மாதா படத்தின்முன் மெழுகுதிரி ஏற்றி, குருவின் வரவை எதிர்பார்த்து நிற்பர். இங்கே இருப்பவை தகரக் கூரை வேய்ந்த லைன் வீடுகள். நீண்ட தாழ்வாரம் ஒன்று. அதில் வரிசையாகப் பத்துக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஆறு பேர் அல்லது எட்டுப் பேர். தாழ்வாரத்தின் கோடியில் அனைவருக்குமாக இரண்டு கழிப்பறைகள். 2024ஆம் ஆண்டுப் பாஸ்கா காலத்தில் ஒரு மாலை, சார்கண்டிலிருந்து வந்த கத்தோலிக்க இளைஞர் தங்கியிருந்த அறையொன்றில் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தோம். அவர்களுள் ஒருவர் தம் கட்டிலைக் காட்டி, "ஃபாதர், இதையும் மந்திரிங்க. பகல்ல மட்டும்தான் இது எனக்கு, ராத்திரி வேற ஆளு" என்றார். உடனிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆயினும் தீர்த்தச் செம்பைக் கையில் ஏந்தியவாறே, எதை மந்திரிப்பது, யாருக்காக மந்திரிப்பது என்று சற்றுத் தயங்கி நின்றோம்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஜெர்மனி நாட்டின் பவேரியாவில் ஒரு சிற்றூர்ப் பங்கிற்கு மாற்றுக் குருவாகச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அங்குள்ள பங்குக் குரு விடுமுறையில் செல்லும்போது, இந்தியக் குரு ஒருவர் சென்று திருப்பலி நிறைவேற்றி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் நமக்குக் குருக்களை அனுப்பிய நாடு இன்று நம்மிடம் குருக்களைக் கேட்கிறது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். எமது பங்கு மக்களுள் சிலர் ஒரகடத்தில் 2012 முதல் இயங்கிவரும் டெய்ம்லர் டிரக் தொழிற்சாலையை அறிந்தவர்கள். "அந்த வண்டியோட சொந்த ஊரைப் பார்த்துட்டு வாங்க, சாமி" என்று சொல்லி வழியனுப்பினர். மாற்றுப் பணி முடிந்தபின் ஆகஸ்டில் பத்து நாள் ஓய்வு இருந்தது. 2023 மே முதல் அந்நாட்டில் ஒரு மாதச் சீட்டு விற்கிறார்கள். அன்றைய விலை 49 யூரோ. விரைவு வண்டிகளைத் தவிர, நாடெங்கும் ஓடும் வட்டார ரயில்கள் அனைத்திலும் அச்சீட்டைக் கொண்டு ஏறி இறங்கலாம். பழைய நகரங்களையும் ஆலயங்களையும் கண்டு வருவோம் என்று ஒரு சிறு பையுடன் புறப்பட்டோம். ஜெர்மானிய ரயில் ஒரு மணித்துளியும் பிந்தாது என்று குருமடத்தில் கேள்விப்பட்டிருந்தோம். முதல் நாளே இணைப்பு வண்டியைத் தவறவிட்டு, ஆளில்லாச் சந்திப்பு நிலையம் ஒன்றில் ஒரு மணி நேரம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம்.

பவேரிய ஊர்களில் எமது கண்ணில் முதலில் பட்டவை வாசற்கதவுகளே. திருக்காட்சிப் பெருவிழாவின்போது மூவரசர் வேடமிட்ட சிறுவர் வீடுதோறும் பாடிச் சென்று, ஏழைச் சிறாருக்காகக் காணிக்கை பெற்று, கதவின்மேல் சுண்ணக்கட்டியால் ஆண்டின் எண்ணையும் மூன்று எழுத்துகளையும் எழுதுகின்றனர். 'கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக' என்னும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. சனவரியில் எழுதியது ஆகஸ்டிலும் அழியாதிருந்தது. அது அவர்களுடைய வீடு மந்திரிப்பு. ஆனால் எழுதுவதற்குக் கதவு ஒன்று வேண்டுமல்லவா?

ரோத்தன்பர்க் நகரை நாம் விரைந்து கடந்துவிட்டோம். மதில் சூழ்ந்த இடைக்கால நகரம். ஸ்டைனாக் என்னும் சந்திப்பிலிருந்து ஒரு சிறு ரயில் அங்கே செல்கிறது. 1945 மார்ச் 31 அன்று குண்டுவீச்சில் நகரின் ஒரு பகுதி அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. மதிலை எழுப்ப உதவிய கொடையாளர் பெயர்கள் அதன் கற்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. புனித யாக்கோபு ஆலயத்தில் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய இறுதி இராவுணவுக் காட்சியில் நடுவில் நிற்பவன் யூதாசு. அதன்முன் மட்டும் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். ஊரெங்கும் பொம்மைக் கடைகள். அங்கே வாழ்பவரைவிடப் பார்க்க வந்தவரே மிகுதி.

இடைக்கால ஜெர்மானிய நகரங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. பண்ணையடிமை ஒருவன் தப்பி வந்து நகரின் மதிலுக்குள் ஓராண்டும் ஒரு நாளும் தங்கிவிட்டால், அவனை ஆண்டவன் உரிமை கோர இயலாது. எனினும் விடுதலை பெற்றவர் யாவரும் நகரக் குடியுரிமை பெற்றுவிடவில்லை. பல நகரங்களில் அதற்குச் சொத்தும் கட்டணமும் வேண்டியிருந்தன. உழைக்க வந்தவனை உள்ளே விடுவது வேறு, அவனை ஊராருள் ஒருவனாக எண்ணுவது வேறு என்பதை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர்.

நியூரம்பர்க் நகரை ரயில் வரலாறு அறிந்தோர் மறக்கமாட்டார்கள். 1835 டிசம்பர் 7 அன்று ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் இங்கிருந்துதான் அருகிலுள்ள ஃபியூர்த்துக்கு ஓடியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1856இல், நம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் ரயில் ஓடிற்று. 1865இலேயே அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு ஒரு கிளைப் பாதை வந்துவிட்டது. அந்த நகரின் புனித லாரன்சு ஆலயம் இப்போது லுத்தரன் சபையாரது. ஆயினும் அதன் பீடத்திற்குமுன், செபமாலை வடிவான ரோசா வளையத்தினுள் கபிரியேல் தூதரும் மாதாவும் உயரத்தில் தொங்குகின்றனர். வைட் ஷ்டோஸ் 1517–18இல் செய்தது. சீர்திருத்தம் வந்தபோது அதை உடைக்கவில்லை, துணியிட்டு மூடிவைத்தனர். பிறர் கொண்டாட்டத்தை ஏற்க மனமின்றியும் அதை அழிக்க மனமின்றியும் இருந்த அந்த மக்கள்மீது எமக்கு மதிப்பு உண்டாயிற்று.

ஆனால் நியூரம்பர்க்கில் எம்மை நிறுத்தியவை வேறு இரண்டு. 1388இல் கொன்ராட் மெண்டல் என்னும் வணிகர், திருத்தூதர் பன்னிருவரின் எண்ணிக்கைப்படி, உழைத்துத் தளர்ந்த கைவினைஞர் பன்னிருவருக்கு ஓர் இல்லம் அமைத்தார். ஏறத்தாழ 1425 முதல் அவ்வில்லத்தில் வாழ்ந்தோர் ஒவ்வொருவரையும் ஓவியமாகத் தீட்டி ஏட்டில் சேர்த்தனர். ஆணி அடிப்பவர், தச்சர், கம்பி இழுப்பவர் என நூற்றுக்கணக்கானோர், தத்தம் கருவியோடும் பட்டறையோடும் அதில் இருக்கின்றனர். பெரும்பாலும் அரசரும் ஆயருமே ஓவியத்தில் இடம்பெற்ற காலத்தில் இது நடந்தது. மற்றொன்று 'ஏழு வரிசைகள்' என்னும் நெசவாளர் குடியிருப்பு. சுவாபியா நாட்டிலிருந்து நெசவாளரை வரவழைக்க விரும்பிய நகர மன்றம், 1489இல் அவர்களுக்கென வரிசையாக வீடுகளைக் கட்டியது. போரில் அழிந்து மீண்டும் எழுந்தவை இன்று நிற்கின்றன. கைத்தொழிலாளர் வேண்டுமென்றால் முதலில் வீடு கட்ட வேண்டும் என்று ஒரு நகர மன்றம் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே கணக்குப் போட்டிருக்கிறது. இதில் அருளன்பைவிட வணிக அறிவே மிகுதி என்பீர்கள். இருக்கட்டும், அந்த அறிவேனும் இருந்ததே!

அடுத்து ஆக்ஸ்பர்க். அங்கே ஒரு நாள் தங்க எண்ணியவர் மூன்று நாள் தங்கினோம்.

யாக்கோபு ஃபூகர் அந்நகரின் பெருவணிகர். வெள்ளிச் சுரங்கமும் செப்புச் சுரங்கமும் அவர் கையில் இருந்தன. 1519இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட அள்ளி வீசப்பட்ட ஏறத்தாழ எட்டரை இலட்சம் பொற்காசுகளில் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டவை ஃபூகர் வீட்டுக் கடன். நம் நாட்டு மிளகுக்கும் இக்கதையில் பங்குண்டு. 1505இல் போர்த்துக்கீசியரின் அல்மெய்தா தலைமையில் கேரளக் கரைக்கு வந்த கப்பல்களுள் சிலவற்றில் ஆக்ஸ்பர்க், நியூரம்பர்க் வணிகர்கள் முதலிட்டனர். ஃபூகர் குடும்பமும் அவர்களுள் ஒன்று. நம்மவர் மறைக்காமல் சொல்லவேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. பிராண்டன்பர்க் நாட்டு ஆல்பிரெக்ட் மைன்ஸ் நகரின் பேராயராவதற்கு ஃபூகரிடம் கடன்பட்டார். பரிபூரண பலன் வழங்குவதன் பேரில் திரட்டப்பட்ட காணிக்கையில் பாதி அக்கடனை அடைக்கச் சென்றது. 1517இல் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய குரலுக்கு உடனடிக் காரணம் அதுவே. அடுத்த ஆண்டு லுத்தரைக் கர்தினால் கயத்தான் விசாரித்ததும் ஆக்ஸ்பர்க்கில் ஃபூகரின் மாளிகையில்தான்.

இத்தகைய மனிதர் 1521இல் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதினார். நகரின் ஒரு மூலையில், உழைத்தும் வாழ வழியற்ற கைவினைஞருக்கும் கூலியாட்களுக்குமாக ஒரு குடியிருப்பு. 'ஃபூகராய்' என்று அதற்குப் பெயர். ஆண்டு வாடகை ஒரு ரைன் பொற்காசு. அக்காசு மறைந்து, மார்க் வந்து, அதுவும் மறைந்து யூரோ வந்தபோதும் வாடகையை உயர்த்தவில்லை. இன்றைய கணக்கில் 88 சென்ட். மின்சாரமும் வெப்பமும் தனி. அத்துடன் நாள்தோறும் நிறுவியவருக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம். இன்று 67 வீடுகள். ஏறத்தாழ 150 பேர் வாழ்கின்றனர். செலவில் பெரும்பகுதி அறக்கட்டளையின் காடுகளிலிருந்து வருகிறது. பார்வையாளராக நாம் கொடுத்த நுழைவுக் கட்டணம் அங்குள்ளவரின் ஓராண்டு வாடகையைப் போல் பல மடங்கு என்பதைச் சீட்டு வாங்கியபின் கணக்கிட்டு நகைத்தோம்.

இரண்டு தளங்கள் கொண்ட சிறு வீடுகள். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். மேல்தளத்தார் கீழ்வீட்டுக்குள் நுழைந்து செல்வதில்லை. தெருவிலிருந்தே அவர்களுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு. 1521இல் இதைச் சிந்தித்திருக்கிறார்கள்! ஒவ்வொரு வாசலிலும் மணி இழுக்கும் இரும்புக் கம்பியின் பிடி வெவ்வேறு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருளில் வீடு திரும்புபவர் தடவிப் பார்த்தே தம் வாசலை அறிந்துகொள்ள அவ்வாறு செய்தனர் என்றனர். இரவுப் பணி முடித்துத் திரும்பும் எமது இளைஞர் நினைவுக்கு வந்தனர். அவர்களுக்கு வாசல் தெரிகிறது. அங்கே காலியாகும் கட்டிலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். இசைமேதை மொசார்ட்டின் பூட்டனாராகிய கொத்தனார் ஃபிரான்ஸ் மொசார்ட் வறுமையுற்று இங்கேதான் வாழ்ந்தார்.

ஃபூகராய் குறையற்றதன்று. கத்தோலிக்கரும் ஆக்ஸ்பர்க் நகரத்தாருமே அதில் இடம்பெறலாம். அயலூரிலிருந்து வந்தவருக்கு அன்றும் இன்றும் இடமில்லை. சுரங்கத்தில் வெள்ளி வெட்டியவர்களுக்கு அவர் எத்தனை வீடு கட்டினார் என்று கேட்கலாம்; கேட்கத்தான் வேண்டும். தம் ஆன்மாவின் கணக்கை நேர் செய்ய ஒரு வட்டிக் கணக்கர் செய்த ஏற்பாடு என்று சொல்வோரும் உண்டு. ஆனால் வாசலில் அமர்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், எம் கழுத்துப் பட்டையைக் கண்டு, உள்ளே அழைத்து, தண்ணீர் தந்து, தம் கதவின்மேல் இருந்த சுண்ணக்கட்டி எழுத்தைக் காட்டியபோது, நிறுவியவரின் நோக்கத்தை ஆராயும் விருப்பம் எமக்குக் குறைந்துபோயிற்று. 1944 பிப்ரவரியில் குண்டுவீச்சில் குடியிருப்பின் பெரும்பகுதி தரைமட்டமானது. போர் முடியுமுன்னரே, சில நாள்களுக்குள், அதை மீண்டும் கட்டுவதென்று ஃபூகர் குடும்பத்தார் முடிவெடுத்தனர்.

அதே நகரின் புனித அன்னம்மாள் ஆலயம் லுத்தரன்களுடையது. லுத்தர் தங்கிய இடமும் அதுவே, ஃபூகரின் கல்லறை இருப்பதும் அங்கேயே. இறைவனுக்கு ஏற்புடையவராதல் பற்றிய கூட்டறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று கையெழுத்திட்டதும் அவ்வாலயத்தில்தான்.

ஆக்ஸ்பர்க் விடுதியில் ஓர் இரவு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளருக்கென 18,720 படுக்கைகள் கொண்ட மாபெரும் குடியிருப்பை, 706 கோடி ரூபாய்க்குமேல் செலவில் கட்டி, ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார் என்ற செய்தி. மகிழ்ந்தோம். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையில் விடிய விடிய அமர்ந்திருந்ததை எமது மக்கள் மறக்கவில்லை. அதற்குப் பின் வந்த இந்தக் கட்டடம் நன்று. ஆயினும் அச்செய்தியில் எண்ணப்பட்டவை படுக்கைகளே, வாசல்கள் அல்ல. படுக்கை பணிக்காலத்திற்கு உரியது. பணி ஒப்பந்தம் முடியும் நாளில் அதுவும் முடியும். மணமாகிக் குழந்தை பெற்ற பெண் அங்கே எப்படி இருப்பார்?

நம் நாட்டு நினைவும் அன்றிரவு வந்தது. வாலாஜாபாத்தைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தக சோழரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலைத் தேர்தல் விதிகள் உள்ளன. பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் படிக்கின்றனர். நாமும் பெருமையாகச் சொல்கிறோம். அதன் முதல் தகுதிகளைப் பாருங்கள்: வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு. அவ்வீட்டில் வாழ்பவர் பெயரே ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும். கூலிக்கு உழுதவனுக்கும் நெசவுக்கு வந்தவனுக்கும் ஓலை இல்லை. வீடற்றவனுக்கு ஊரும் இல்லை என்பது ஜெர்மனியின் வழக்கம் மட்டுமன்று. இன்றும் எமது பங்கில் எட்டு ஆண்டு, பத்து ஆண்டு வாழும் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை சொந்த ஊரில்தான். குடிநீர்க் குழாய்க்காக ஊராட்சித் தலைவரிடம் அவர்கள் செல்லும்போது, அவரும் அதை அறிந்தே பேசுகிறார்.

ஹாலே நகருக்கு ரயிலில் ஒரு பகல் முழுதும் ஆயிற்று. அகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்னும் லுத்தரன் போதகர் 1695இல் தம் வீட்டு உண்டியலில் ஒருவர் இட்ட நாலு தாலர் பதினாறு குரோஷன் காசைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்திற்கு அடிக்கல் நாட்டினார். மரச்சட்டமிட்ட நெடிய மாடிக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே பயின்ற சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் அவரை வந்தடைந்தன; 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழ் ஓலைச்சுவடிகள் ஹாலேயின் காப்பகத்தில் பேணப்படுகின்றன. 1708இல் தாம் தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் நம் கத்தோலிக்கரின் தமிழ் நூல்களையும் சீகன்பால்கு சேர்த்திருக்கிறார். வீரமாமுனிவரோ பின்னாளில் தரங்கம்பாடியாரை மறுத்து 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' என்னும் நூல்களை எழுதினார். அவ்வழக்கில் நாம் யார் பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏழைப் பிள்ளைக்கு முதலில் கூரை, பின் எழுத்து என்று கருதிய இல்லத்திலிருந்தே தமிழ் அச்செழுத்து புறப்பட்டது என்பதை அங்கே நின்றபோது எண்ணினோம்.

கடைசி நிறுத்தம் கொலோன். மூவரசர் திருப்பண்டப் பேழையைத் தரிசித்தபின், பேராலயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள மினோரைட் ஆலயத்திற்குப் போனோம். அங்கே முத்திப்பேறுபெற்ற அடோல்ஃப் கோல்பிங் குருவானவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1813இல் பிறந்த அவர் முதலில் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஊர் ஊராக வேலை தேடிச் செல்லும் இளம் தொழிலாளர் தங்கிய அழுக்கு அறைகளில் அவரும் தங்கியவர். 1845இல் இதே ஆலயத்தில் குருவானார். 1849இல் கொலோனில் அத்தகைய இளைஞருக்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1853இல் அவர்கள் தங்க ஓர் இல்லம் திறந்தார். உறங்க இடமும், உண்ண மேசையும், படிக்க வகுப்பும், குடும்பம் போன்ற கூடுகையும் அதில் இருந்தன. 1865இல் அவர் இறக்கும்போது இத்தகைய சங்கங்கள் நானூறுக்கு மேல். 1991இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். தமிழகத்திலும் கோல்பிங் அமைப்பு உண்டு. சேமிப்புக் குழுக்களாக அதை நம்மவர் அறிவர். அதன் தொடக்கம் வெளியூர்த் தொழிலாளியின் படுக்கையில் இருந்தது என்பதை, உள்ளபடி சொன்னால், நாமே அன்றுதான் உணர்ந்தோம். 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏட்டில் உணவு, உடைக்கு அடுத்து உறைவிடம் மனித உரிமையாகச் சொல்லப்பட்டிருப்பதைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்திருந்தோம்.

ஊர் திரும்பினோம். வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் புதிய கார்களைச் சரக்கு ரயிலில் ஏற்றுகிறார்கள். அவற்றைச் செய்தவர்கள் பேருந்தில் வருகிறார்கள். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்று நெடுங்காலமாகப் பேசுகின்றனர். பங்குப் பேரவையில் நாம் ஒரு கோரிக்கை வைத்தோம்: ஆலய வளாகத்தில் பயனின்றிக் கிடக்கும் பழைய பள்ளிக் கட்டடத்தைத் தடுத்து, மணமான வெளிமாநிலத் தொழிலாளர் நால்வருக்கு, தனித்தனி வாசல் வைத்து, வீடாக்கலாமா என்று. இரண்டு கூட்டங்கள் நடந்தன. கல்யாண மண்டபமாக்கினால் ஆலயத்திற்கு வருமானம் வரும் என்றனர் சிலர். அவர்கள் சொன்னதும் பொய்யன்று. கோபுரத்திற்கு வண்ணம் பூச வேண்டியிருக்கிறது. முடிவு இன்னும் ஆகவில்லை.

ஒரு ஞாயிறு இந்தித் திருப்பலிக்குப்பின் ஃபூகராய் பற்றி இளைஞரிடம் சொன்னோம். ஆண்டுக்கு 88 சென்ட் என்றதும் எவரும் நம்பவில்லை. கட்டிலை மந்திரிக்கச் சொன்ன அந்தத் தம்பி மட்டும், "ஃபாதர், ஒரு வீட்டுக்கு எத்தனை கக்கூஸ்?" என்று கேட்டார்.

"ஒன்று."

"எத்தனை பேருக்கு?"

"இப்போது பெரும்பாலும் ஒருவர், இருவர்."

அவர் சிரித்தார். மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் சாலையில் நிறுவனப் பேருந்து ஒலி எழுப்பியது. மாலை ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று சொல்லி ஓடினார்.